பெர்லின் குளிரில் புதிதாக வந்த தோழியுடன் ஊர் சுற்றக் கிளம்புகிறீர்களா?

ஊரிலிருந்து தெரிந்தவர் ஒருவர் வருகிறார் என்றால் வெளிநாட்டில் இருக்கும் நமக்குக் கால் தரையில் நிற்காது. விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து அழைத்து வந்து, ரசம் வைத்துச் சோறு போட்டு, மறுநாளே ஊரைச் சுற்றிக்காட்டக் கிளம்பிவிடுவோம். போன ஆண்டு ஜனவரிக் கடைசியில் என் கல்லூரித் தோழி ஆராய்ச்சி வேலைக்காகப் பெர்லின் வந்தபோது நானும் அதைத்தான் செய்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய மணிக்கட்டு முறிந்தது. மருத்துவமனை, மருந்துக்கடை, காப்பீடு என்று அதன்பின் நடந்த எல்லாவற்றையும் அவளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நான் தனியாகச் சமாளிக்க வேண்டியிருந்தது. இங்கே எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் நிறையவே உண்டு. ஆனாலும் இதைப் பற்றி முன்கூட்டி ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அடுத்த குளிர்காலத்தில் யாரையாவது வரவேற்கப் போகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அவள் வந்து இறங்கியது சனிக்கிழமை இரவு. அப்போதே கடைகள் மூடிவிட்டன. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் பொதுவாகத் திறக்கக் கூடாது என்பது சட்டம். துணிக்கடை, செருப்புக்கடை, பலசரக்குக் கடை எதுவும் விதிவிலக்கல்ல. பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் போன்ற சிலதான் திறந்திருக்கும். அதாவது, சனிக்கிழமை இரவு வருகிறவர் திங்கட்கிழமை காலை வரை பெட்டியில் கொண்டு வந்ததை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அவள் கொண்டு வந்தது திருச்சியில் ஆசையாக வாங்கிய தோல் காலணி. பார்க்க அழகாக இருந்தது, உள்ளே கம்பளி வைத்துத் தைத்திருந்தார்கள், கால் குளிராது. ஆனால் அடிப்பாகம் தோசைக்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சுவெட்டர் எத்தனை, ஜாக்கெட் எவ்வளவு கனம் என்று விசாரிக்கிறோம். காலணியின் அடிப்பாகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆழமான பள்ளங்களோடு, விரலால் அழுத்தினால் சற்று அமுங்கும் ரப்பராக இருக்க வேண்டும். கெட்டியான பிளாஸ்டிக் குளிரில் இன்னும் இறுகி வழுக்கும். முடிந்தால் பயணச்சீட்டு வாங்கும்போதே வியாழன், வெள்ளி பார்த்து வரச் சொல்லுங்கள். ஒரு நாள் கடை திறந்திருக்கும் நாளாகக் கிடைத்தால் போதும்.

காலையில் பிராண்டன்பர்க் வாயிலில் தொடங்கினோம். 1791இல் கட்டி முடித்த அந்தத் தூண்களுக்கு நடுவே அவள் நின்றுகொண்டு, “பாடப்புத்தகத்தில் பார்த்தது, இங்கே நிற்கிறேன்டீ” என்று சொன்ன முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. பக்கத்திலேயே, கொல்லப்பட்ட யூதர்களுக்காக 2005இல் திறந்த நினைவிடம். உயரம் மாறி மாறி நிற்கும் 2,711 கான்கிரீட் கற்கள். உள்ளே போகப் போகத் தரை இறங்கி ஏறும், கற்கள் தலைக்கு மேல் போய்விடும். அன்று அந்தச் சரிவுகளில் பனி உறைந்து கிடந்ததால் ஓரமாக நின்று பார்த்துவிட்டு நகர்ந்தோம். உறைபனி நாட்களில் அதற்குள் இறங்க வேண்டாம்.

அங்கிருந்து உன்டர் டென் லிண்டன் சாலை வழியாகக் கிழக்கே நடந்தோம். நாஜிகள் 1933 மே 10 அன்று புத்தகங்களை எரித்த பேபல் சதுக்கத்தில் தரைக்குள் ஒரு கண்ணாடி பதித்திருக்கிறார்கள். கீழே வெறும் வெள்ளை அலமாரிகள், 20,000 புத்தகங்கள் வைக்கும் அளவுக்கு இடம், ஒரு புத்தகம்கூட இல்லை. கண்ணாடியின் மேல் பனி மூடியிருந்தது. அவள் கையுறையால் துடைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். எதிர்ப்புறம் நோயெ வாக்கெ என்ற பழைய காவல் கட்டடம். உள்ளே இறந்த மகனை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருக்கும் தாயின் சிலை, சிற்பி கேத்தே கோல்விட்ஸ் வடித்ததன் பெரிதாக்கிய வடிவம். சிலைக்கு நேர் மேலே கூரையில் வட்டமான திறப்பு இருக்கிறது. மழை பெய்தால் மழை, பனி பெய்தால் பனி, நேராக அந்தத் தாயின் மேல்தான் விழும். அன்று அந்தச் சிலையின் தோளிலும் முந்தானை போன்ற அந்தப் போர்வையிலும் பனி படிந்திருந்தது. நாங்கள் இருவரும் பேசாமல் நின்றுவிட்டோம். பெர்லினை நடந்து பார்க்க வேண்டும் என்று நான் யாரிடமும் வற்புறுத்துவதற்குக் காரணம் இந்த மாதிரி இடங்கள்தான். பஸ் ஜன்னலில் இவை தெரியாது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வழி முழுக்க நான் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தேன், ஏனென்றால் நடைபாதையின் ஒரு பகுதி சைக்கிள் பாதை. சில இடங்களில் சிவப்புக் கல், சில இடங்களில் வெறும் வெள்ளைக் கோடு. புதிதாக வருகிறவர்கள் கட்டடங்களை அண்ணாந்து பார்த்தபடி அதில் போய் நிற்பார்கள். சைக்கிள்காரர்கள் வேகத்தைக் குறைக்க மாட்டார்கள், மோதினால் பெரும்பாலும் தவறு நம்முடையதாகிவிடும். வீட்டை விட்டு இறங்கியதும் முதல் தெருவிலேயே அந்தப் பாதையைக் காட்டிவிடுங்கள். சிக்னலில் சிவப்பு மனிதன் நிற்கும்போது சாலையைக் கடந்தால் 5 யூரோ அபராதம் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

மதியம் சற்று வெயில் அடித்தது. பனி உருகிக் கல் இடுக்குகளில் தண்ணீர் ஓடியது. எங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த வெயில்தான் ஆபத்து என்பது இப்போது தெரிகிறது. ஜனவரிக் கடைசியில் பெர்லினில் மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெப்பம் சட்டென்று இறங்கும், உருகிய தண்ணீர் மறுபடி உறையும். வெள்ளையாக இருக்கும் பனியில் கால் பதியும். இது வெள்ளையாக இருக்காது. ஈரத் தரை போலவே தெரியும். ஈரமாகத் தெரிகிறது, ஆனால் கடந்து போகும் வண்டிகளின் சக்கரத்தில் நீர் தெறிக்கவில்லை என்றால் அது பனிக்கட்டி என்று எங்கள் கட்டடத்துப் பாட்டி ஒருவர் பிறகு சொன்னார். பொன்னான குறிப்பு.

பெர்லின் நடைபாதையைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். பழைய தெருக்களில் நடுவில் பெரிய கிரானைட் பலகைகள் வரிசையாக இருக்கும், இரு ஓரங்களிலும் சின்னச் சின்னக் கற்கள் பதித்திருப்பார்கள். எல்லோரும் நடுப் பலகைகளின் மேல்தான் நடப்போம், சமமாக இருக்கிறது என்று. நூறு வருடமாகக் கால்கள் தேய்த்த அந்தக் கிரானைட்தான் உறைந்தால் மிக மோசமாக வழுக்கும். ஓரத்துச் சின்னக் கற்களின் இடுக்கில் மணலும் பொடிக்கல்லும் தங்கும், பிடிப்பு இருக்கும். கட்டட உரிமையாளர்கள் தங்கள் நடைபாதையில் பனியை அள்ளிப் பொடிக்கல் தூவ வேண்டும் என்பது இங்கே சட்டம். வேலை நாளில் காலை 7 மணிக்குள், ஞாயிறு, விடுமுறை நாட்களில் 9 மணிக்குள். மரங்களுக்குக் கெடுதல் என்பதால் நடைபாதையில் அவர்கள் உப்புப் போடுவதைப் பெர்லினில் பொதுவாகத் தடை செய்திருக்கிறார்கள். ஆகவே வேறு நகரங்களில் இருப்பது போல உப்பு கரைத்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. எல்லா உரிமையாளர்களும் சட்டப்படி நடப்பதும் இல்லை. ஒரு கட்டடத்தின் முன் பொடிக்கல் இருக்கும், அடுத்த கட்டடத்தின் முன் ஒன்றுமே இருக்காது. அந்த எல்லையில்தான் கால் போகும்.

எங்களுக்கும் அப்படித்தான் போனது. அருங்காட்சியகத் தீவைத் தாண்டி ஹாக்கெஷர் மார்க்ட் பக்கம் வந்து, பழைய யூதக் குடியிருப்பான கிரோசெ ஹாம்புர்கர் தெருவுக்குள் நுழைந்தோம். அந்த வட்டாரத்து நடைபாதைகளில் உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளைத் தகடு பதித்த கற்கள் இருக்கும். நாஜிகள் கொண்டு சென்றவர்கள் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டின் முன்னால், பெயர், பிறந்த ஆண்டு, கொண்டு செல்லப்பட்ட தேதி, கொல்லப்பட்ட இடம். குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கிய வேலை. என் தோழி ஒரு கல்லைப் படிக்கக் குனிந்தாள். நிமிர்ந்து ஒரு அடி வைத்தாள், அவ்வளவுதான். கையை ஊன்றி விழுந்தாள். சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. “ஒன்றுமில்லைடீ, எழுந்துவிடுகிறேன்” என்றாள். இடது மணிக்கட்டு இருக்க வேண்டிய கோணத்தில் இல்லை.

விழுந்த கையில் அவளுக்கு ஒரு தங்க வளையலும், அம்மா போட்டு அனுப்பிய மோதிரமும் இருந்தன. இதைப் படிக்கிற பெண்கள் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கையில் அடிபட்டால் வலியைப் பார்க்காமல், வீங்குவதற்கு முன் முதல் சில நிமிடங்களிலேயே வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட வேண்டும். எங்களுக்கு அது தோன்றவில்லை, ஒரு கடை வாசலில் உட்கார்ந்து அழுகையை அடக்குவதிலேயே நேரம் போய்விட்டது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் விரல்கள் பருத்துவிட்டன. வளையலைச் சோப்புத் தண்ணீர் போட்டு ஒரு செவிலியர் பத்து நிமிடம் பொறுமையாகத் திருப்பித் திருப்பிக் கழற்றினார். மோதிரம் வரவில்லை. விரலுக்கும் தங்கத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய தகட்டை நுழைத்து, மேலிருந்து சின்னச் சக்கரம் போன்ற கருவியால் வெட்டினார்கள். எலும்பு முறிந்தபோது அழாதவள் அப்போதுதான் அழுதாள். அம்மாவிடம் என்ன சொல்வேன் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

மருத்துவமனைக்கு எப்படிப் போனோம் என்பதைச் சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் 112, ஆம்புலன்ஸ் வரும். அந்த அளவு இல்லாத, ஆனால் காத்திருக்க முடியாத நோய்க்கு இரவிலும் விடுமுறையிலும் 116117 என்ற எண். முதலில் அதை அழைத்தேன். நெடுநேரம் இசை ஓடியது. குளிரில் என் கைப்பேசியின் பேட்டரி கண்ணெதிரே இறங்கியது; உறைபனியில் பேட்டரி பாதியில் இருந்தாலும் கைப்பேசி அணைந்துவிடும், வெளிப்பையில் வைக்காமல் உடலோடு ஒட்டிய உள்பையில் வைக்க வேண்டும். தோழியிடம் இன்னும் ஜெர்மன் சிம் இல்லை. ஒருவழியாக எடுத்த பெண்மணி, கை கோணியிருக்கிறது என்றதுமே, எக்ஸ்ரே உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள் என்றார். கழுத்துத் துப்பட்டாவால் கையைக் கட்டித் தொங்கவிட்டு டாக்ஸியில் ஏற்றினேன். டாக்ஸிக்கு 22 யூரோ. நடக்க முடிகிறவரை, மயக்கம் இல்லாதவரை டாக்ஸியே போதும். காப்பீடு ஏற்காத நிலையில் ஆம்புலன்ஸ் கட்டணம் பல நூறு யூரோவுக்குப் போய்விடும்.

அவசரப் பிரிவில் உட்கார்ந்திருந்த ஐந்து மணி நேரம் என் வாழ்க்கையிலேயே நீளமான மாலை. எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எங்களுக்கு முன்னால் உள்ளே போனார்கள். புதியவர்கள் என்பதால் ஒதுக்குகிறார்களோ என்று உள்ளுக்குள் கொதித்தது. பிறகுதான் அங்கிருந்த செவிலியர் விளக்கினார். வந்த வரிசைக்கு அங்கே மதிப்பில்லை. வந்தவுடன் சில கேள்விகள் கேட்டு நிறம் கொடுத்துவிடுகிறார்கள். பல மருத்துவமனைகளில் இருக்கும் மான்செஸ்டர் முறைப்படி சிவப்பு உடனே, ஆரஞ்சு 10 நிமிடம், மஞ்சள் 30, பச்சை 90, நீலம் 120. கூட்டமான நாளில் பச்சையும் நீலமும் இன்னும் தள்ளிப்போகும், பனி வழுக்கும் ஞாயிறு மாலை கூட்டத்துக்குக் கேட்க வேண்டாம். ஆனால் நிறம் மாறும். விரல் நுனி மரத்துப்போனாலோ, நீலமானாலோ, வலி தாங்க முடியாமல் போனாலோ உட்கார்ந்தே இருக்காமல் எழுந்து போய்ச் சொல்ல வேண்டும். அவள் விரல்கள் மரக்கின்றன என்று நான் போய்ச் சொன்ன பிறகுதான் மோதிரத்தை வெட்டினார்கள். தயங்கி உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

உள்ளே கேட்ட கேள்விகளுக்கு என்னால் பாதிக்குத்தான் பதில் சொல்ல முடிந்தது. என்ன மருந்து ஒவ்வாது, டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது, தினமும் என்ன மாத்திரை, கருவுற்றிருக்கிறாரா. கடைசிக் கேள்வி எக்ஸ்ரேவுக்காக. பல வருடத் தோழியாக இருந்தாலும் இவையெல்லாம் நமக்குத் தெரியாது. வலியில் இருக்கிறவருக்கும் உடனே வாயில் வராது. புதிதாக வருகிறவர் இந்த விவரங்களை ஒரு தாளில் எழுதிப் பாஸ்போர்ட் நகலோடும் காப்பீட்டுத் தாளோடும் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். கைப்பேசியில் இருக்கிறது என்றால், அது அணைந்துபோன நேரத்தில் உதவாது.

நல்லவேளை, எலும்பு பெரிதாக நகரவில்லை, அறுவை சிகிச்சை வேண்டாம் என்றார்கள். நிமிர்த்தி வைத்து மாவுக்கட்டுப் போட்டார்கள். முதல் கட்டு வீக்கத்துக்கு இடம் விட்டு நீளவாக்கில் பிளந்திருக்கும், அதைப் பார்த்துச் சரியாகப் போடவில்லை என்று பயப்பட வேண்டாம். மறுநாள் கட்டாயம் கட்டைக் காட்டி இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும், அதைத் தவறவிடக் கூடாது. மருந்துச் சீட்டோடு வெளியே வந்தபோது இரவு பத்து மணி. வலி மாத்திரை இங்கே பலசரக்குக் கடையில் கிடைக்காது, மருந்துக்கடையில் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை முறைவைத்துச் சில மருந்துக்கடைகள்தான் இயங்கும். எந்த மருந்துக்கடைக் கதவிலும் அன்று திறந்திருக்கும் பக்கத்துக் கடைகளின் முகவரி ஒட்டியிருக்கும். அங்கே போனாலும் கதவு திறக்காது. மணி அடித்தால் கதவில் ஒரு சின்ன ஜன்னல் திறக்கும், அதன் வழியாகச் சீட்டைக் கொடுத்து மாத்திரை வாங்க வேண்டும். வேளை கெட்ட நேரத்துக் கட்டணமாக 2.50 யூரோ கூடுதல். ஊரிலிருந்து வரும்போது பழகிய வலி மாத்திரை ஒரு அட்டை கொண்டு வருவது எவ்வளவு பெரிய உதவி என்று அந்தக் குளிரில் நின்றபோது தெரிந்தது.

பணக் கணக்கைச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்வார்கள். அவளுடைய வேலை ஒப்பந்தம் பிப்ரவரி 1 முதல். ஜெர்மன் மருத்துவக் காப்பீடும் அன்றுதான் தொடங்கும். விழுந்தது அதற்குச் சில நாட்கள் முன்பு. இடைப்பட்ட நாட்களுக்கு விசாவுக்காக எடுத்த பயணக் காப்பீடு மட்டுமே துணை. விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்குக் காப்பீடு கேட்கிறார்கள் என்பதால், விசா கிடைத்ததும் அந்தத் தாள் பெட்டியின் அடியில் போய்விடுகிறது. கையிலிருந்து பணம் கட்ட வேண்டாம், மருத்துவமனையே காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கிக்கொள்ளும் என்று ஊரில் முகவர் சொல்லி அனுப்பியிருந்தார். இங்கே வரவேற்பு மேசையில் இந்தியக் காப்பீட்டை யாருக்கும் தெரியவில்லை. கட்டணத்தை நானே ஏற்கிறேன் என்று ஒரு படிவத்தில் அவளைக் கையெழுத்திடச் சொன்னார்கள். சில வாரம் கழித்துத் தபாலில் 394 யூரோ பில் வந்தது. சம்பளம் வருவதற்கு முன்பு புதிதாக வந்தவருக்கு அது எவ்வளவு பெரிய தொகை! நான் கட்டினேன். திரும்ப வாங்க இரண்டு மாதத்துக்கும் மேல் ஆனது. முதல் 100 டாலரை நாமே ஏற்க வேண்டும் என்று பாலிசியிலேயே இருந்தது, அது போனதுதான். டாக்ஸியும் மோதிரமும் கணக்கில் வராது.

இதில் என்னென்ன உதவியது என்றால்: அன்று இரவே காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசிக் கோரிக்கை எண் வாங்கிவிட்டேன். பாலிசியில் இருந்த இலவச எண் இந்தியாவுக்குள் மட்டும்தான் வேலை செய்தது. வெளிநாட்டிலிருந்து அழைக்கும் எண் வேறு, அதை ஊரிலேயே குறித்துக்கொண்டு வர வேண்டும். மருத்துவரின் அறிக்கை, எக்ஸ்ரே முடிவு, ஒவ்வொரு ரசீதின் அசல், பாஸ்போர்ட்டில் நுழைவு முத்திரை உள்ள பக்கம் எல்லாம் கேட்டார்கள். அறிக்கையை வெளியே வரும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஜெர்மன் காப்பீடு தொடங்கும் நாளையும் தாண்டி இரண்டு வாரம் தாராளமாகவே பாலிசி இருக்கட்டும். அதற்கு ஆகும் கூடுதல் பணம் ஒரு டாக்ஸிச் செலவு கூட வராது.

அவள் அம்மாவுக்கு மறுநாள் காலையில் சொன்னோம். இந்தியா நாலரை மணி நேரம் முன்னால் இருப்பதால் அன்று இரவே சொன்னால் அங்கே நடுச்சாமம். மோதிரத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “பக்கத்தில் நீ இருக்கிறாயே கண்ணு, அது போதும்” என்றார். எனக்குத்தான் பேச முடியவில்லை.

இப்போது குளிர்காலத்தில் யார் வந்தாலும் முதல் நாளுக்கு நான் வைத்திருக்கும் வழி வேறு. காலை பத்து மணிக்கு மேல்தான் கிளம்புவோம். காலணியின் மேல் மாட்டும் ரப்பர் முட்கள் விளையாட்டுப் பொருள் கடையில் பத்துப் பதினைந்து யூரோவுக்குக் கிடைக்கின்றன, ஒரு ஜோடி எப்போதும் என் பையில் இருக்கிறது. எங்கள் கட்டடத்துப் பாட்டி காலணிக்கு மேலேயே பழைய கம்பளி சாக்ஸ் போட்டுக்கொள்வார், அவசரத்துக்கு அதுவும் நன்றாகப் பிடிக்கிறது. நடக்கும்போது கை பைக்குள் இருக்கக் கூடாது, அடி சின்னதாக வைத்து உடல் எடையை முன்காலில் போட வேண்டும் என்று வாசலிலேயே சொல்லிக் கொடுக்கிறேன். பிறகு உயிரியல் பூங்கா ரயில் நிலையத்தில் 100ஆம் எண் பஸ். சாதாரண டிக்கெட் போதும். மாடி பஸ்ஸில் மேலே முன் இருக்கை கிடைத்தால் நாடாளுமன்றக் கட்டடம், உன்டர் டென் லிண்டன், பேராலயம் எல்லாம் கண்ணுக்கு நேரே வந்து போகும், அலெக்ஸாண்டர் சதுக்கம் வரை. நோயெ வாக்கெ பக்கம் இறங்கி அந்தத் தாயைப் பார்ப்போம், எதிரே பேபல் சதுக்கத்துக்குப் போவோம், பிறகு ஹம்போல்ட் மன்றம் என்ற அருங்காட்சியகத்துக்குள் போய்ச் சூடாக ஒரு காபி. உள்ளே நுழையக் கட்டணம் இல்லை, கழிப்பறையும் உண்டு. மூன்று மணிக்குள் வீடு திரும்பிவிடுவோம். மீதிப் பெர்லினை ஏப்ரலில் நடந்து பார்த்துக்கொள்ளலாம்.